பட்டாளத்துக்குப் போன தாத்தாவைத் தேடுவது எப்படி: வேலூர், சித்தூர் எல்லைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஆங்கிலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது. ஒருவர் பெயரும் அதில் இல்லை. குடியாத்தம், பேர்ணாம்பட்டு, காட்பாடி, பள்ளிப்பட்டு, திருத்தணி, நகரி, சித்தூர் பக்கம் எத்தனையோ வீடுகளில் “எங்க தாத்தா பஸ்ராவுக்குப் போனார்”, “எங்க பெரியப்பா பர்மா சண்டையில இருந்தார்” என்ற பேச்சு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தப் பேச்சிலிருந்து ஆளைக் கண்டுபிடிக்க முடியும். பெயரை வைத்துக்கொண்டு தொடங்கினால் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். பட்டாள எண்ணை வைத்துத் தொடங்கினால் பாதி வேலை முதல் நாளே முடியும்.

எண் எங்கே கிடைக்கும்? பெரும்பாலும் வீட்டில்தான்.

முதலில் தகரப் பெட்டி

மெடல் இருந்தால் அதைத் துலக்காதீர்கள். புளியோ, பல்பொடியோ, பித்தளை பாலிஷோ எதுவும் வேண்டாம். வட்ட மெடலின் விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கும் சற்றுக் கூடுதலான எழுத்தில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்று வரிசையாகப் பொறித்திருப்பார்கள். நாலு தலைமுறையாகத் துடைத்துத் துடைத்து அது ஏற்கெனவே தேய்ந்திருக்கும். இன்னொரு முறை தேய்த்தால் கடைசி இரண்டு இலக்கங்களும் போய்விடும்.

படிக்கும் முறை இது. அறையை இருட்டாக்குங்கள். மெடலை ஒரு துணிமேல் நிமிர்த்தி வைத்து, செல்போன் டார்ச்சை நேர் எதிரே பிடிக்காமல் விளிம்போடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். மெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஆறு படங்களாவது எடுங்கள், ஒவ்வொன்றும் முந்தையதோடு சற்று ஒட்டி வரட்டும். அப்படியும் தெரியாவிட்டால் மெல்லிய டிரேசிங் தாளைச் சுற்றி வைத்து 2பி பென்சிலைச் சாய்த்து லேசாகத் தேயுங்கள். 3, 8 இரண்டும், 1, 7 இரண்டும் குழம்பும். சந்தேகமான இலக்கத்துக்கு இரண்டு வாசிப்பையும் எழுதிவையுங்கள், ஊகித்து ஒன்றை மட்டும் எழுதாதீர்கள்.

முதல் உலகப் போர் மெடலில் உலோகத்தையே ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளலாம். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள பிரிட்டிஷ் வார் மெடல் சிப்பாய்க்கு வெள்ளியில் வந்தது. அதே மெடலை வெண்கலத்தில் பெற்றவர்கள் உண்டு: தண்ணீர் சுமந்தவர், சமைத்தவர், மூட்டை தூக்கியவர், சாலை போட்டவர். பட்டாளக் கணக்கில் அவர்கள் ‘ஃபாலோயர்’, அல்லது லேபர் கோர் (தொழிலாளர் படை) ஆட்கள். உங்கள் வீட்டு மெடல் வெண்கலமாக இருந்தால் அதைப் போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தேட வேண்டிய பட்டியல்தான் வேறு. அந்த ஆளும் அதே குண்டுகளுக்கும் அதே வாந்திபேதிக்கும் நடுவேதான் இருந்தார்.

இரண்டாம் உலகப் போரில் ஆறு முனை நட்சத்திரங்களும் வந்தன. பிரிட்டனில் வழங்கியவற்றில் பெயர் கிடையாது. இந்தியாவில் வழங்கியவற்றின் பின்புறத்தில் எண்ணும் பெயரும் அடித்திருக்கும். ரிப்பன் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் அகலச் சிவப்பு, இருபுறமும் கருநீலம், ஒவ்வொரு நீலத்தின் நடுவிலும் ஒரு ஆரஞ்சுக் கோடு இருந்தால் பர்மா ஸ்டார். சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு என்று வந்தால் இத்தாலி ஸ்டார். மணல் நிறத்தில் நடுவே சிவப்பும், ஒரு பக்கம் கருநீலமும் மறுபக்கம் வெளிர்நீலமும் இருந்தால் ஆப்பிரிக்கா ஸ்டார். ரிப்பன் பிற்காலத்தில் மாற்றித் தைத்ததாகவும் இருக்கலாம், அதனால் நட்சத்திரத்தின் முகத்தில் உள்ள வளையத்தில் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று. ஆப்பிரிக்கா ஸ்டாரைப் பார்த்ததும், தாத்தா ஆப்பிரிக்கக் கறுப்பின வீரர்களோடு சேர்ந்து சண்டையிட்டார் என்று எழுதிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் 1940 முதல் 1943 வரை நடந்த வட ஆப்பிரிக்கப் பாலைவனப் போருக்கான நட்சத்திரம். மேற்கு, கிழக்கு ஆப்பிரிக்கப் படைகளோடு நம் ஆட்கள் பெருந்தொகையாகச் சேர்ந்து நின்றது பர்மாவில். அங்கே நின்ற நைஜீரியக்காரருக்கும் வட ஆர்க்காட்டுக்காரருக்கும் கிடைத்தது ஒரே பர்மா ஸ்டார்தான்.

மெடலே இல்லையென்றால் தாள்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் புத்தகத்தில் பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை) எண், மணியார்டர் துண்டு, கடித உறையில் எஃப்.பி.ஓ. (போர்க்களத் தபால் நிலையம்) என்று தொடங்கும் முத்திரை, போட்டோவின் பின்புறம் ஸ்டூடியோ முத்திரை. முன்னாள் ராணுவத்தினருக்கென்று நிலம் ஒப்படை ஆகியிருந்தால் தமிழ்நாட்டுப் பக்கம் அ-பதிவேட்டிலும், ஆந்திரப் பக்கம் டி.கே.டி. (அரசு ஒப்படை நில) பட்டாக் கோப்பிலும் குறிப்பு இருக்கலாம். போட்டோவை ஃபிரேமிலிருந்து பிய்த்து எடுக்காதீர்கள். ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் முகமே உரிந்து வரும்.

பாட்டியிடம் கேட்கும் முறை

“எந்த ரெஜிமெண்ட்?” என்று கேட்டால் பதில் வராது. பணம் எந்தத் தபால் ஆபீசில் வாங்கினீர்கள், எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறினார், திரும்பி வந்தபோது என்ன கொண்டுவந்தார், எந்த ஊர்க் குளிரைப் பற்றிச் சொல்வார் என்று கேளுங்கள். ‘சாப்பர்’ என்ற சொல் வந்தால் மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற பொறியியல் படை. அவர்களின் தலைமையிடம் பெங்களூரு, அதனால் “பெங்களூர்ல டிரெய்னிங்” என்ற பேச்சு கூடவே வரும். ‘பஸ்ரா’ என்றால் மெசபடோமியா (இன்றைய இராக்), பெரும்பாலும் முதல் போர். ‘பயனீர்’ என்றால் முதல் போரில் மதராஸ் பயனீர் பட்டாளம், இரண்டாம் போரில் இந்தியன் பயனீர் கோர், இவை இரண்டும் வேறு வேறு. சிங்கப்பூரோ மலேயாவோ வந்து, 1942க்குப் பிறகு மூன்று வருடம் சேதியே இல்லை என்றால், அவர் ஜப்பானியர் கையில் கைதியாகவோ நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்திலோ இருந்திருக்கக்கூடும். அப்படிப்பட்டவர்களை 1945-46இல் விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். கறுப்பு என்று குறிக்கப்பட்டவர்கள் நிலுவைச் சம்பளம் பறிக்கப்பட்டு வெளியேற்றப்பட்டார்கள். பென்ஷன் தாள் இல்லாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அதை வெட்கமாக எண்ணி மறைத்த குடும்பங்கள் உண்டு, பொறுமையாகக் கேளுங்கள்.

பெரியவர்கள் பேச்சில் ‘காப்பிரிப் பட்டாளம்’ என்று வந்தால் சொன்னபடியே குறித்துக்கொள்ளுங்கள், அது அவர்கள் காலத்துச் சொல். நீங்கள் எழுதும்போது ஆப்பிரிக்க வீரர்கள் என்று எழுதுங்கள், அந்தப் பழைய சொல்லில் இழிவு இருக்கிறது. அந்தக் குறிப்பு காலத்தைக் கணிக்க நன்றாக உதவும். 11ஆவது கிழக்கு ஆப்பிரிக்க டிவிஷன் இலங்கையில் பயிற்சி பெற்று 1944இல் பர்மாவுக்குள் இறங்கி, கபாவ் பள்ளத்தாக்கு வழியாக அந்த டிசம்பரில் சிந்த்வின் ஆற்றங்கரைக் கலேவாவை அடைந்தது. 81ஆவது மேற்கு ஆப்பிரிக்க டிவிஷன் 1943இல் இந்தியா வந்து கலதான் பள்ளத்தாக்கில் போரிட்டது. வண்டி போகாத காட்டில் அவர்களின் சுமையாட்கள் தலைச்சுமையாகவே எல்லாவற்றையும் கொண்டு போனார்கள், உணவு விமானத்திலிருந்து விழுந்தது. 82ஆவது டிவிஷன் அராக்கானில். “கறுப்பு ஆளுங்க தலையில மூட்டை வச்சிக்கிட்டு மலை ஏறினாங்க” என்று தாத்தா சொன்னதாகப் பாட்டி சொன்னால், 1944ஐயும் 1945இன் தொடக்கத்தையும் முதலில் பாருங்கள்.

முதல் போரில் இந்தச் சந்திப்பு கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்தது. 1914 நவம்பரில் டாங்கா துறைமுகத்தில் இறங்கிய படையில் 61ஆவது பயனீர்களும் 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும் இருந்தன. ‘மொம்பாசா’, ‘நைரோபி’ என்ற பெயர்கள் வீட்டுப் பேச்சில் வந்தால் அந்தப் பக்கம் திரும்புங்கள்.

மாவட்டப் பெயர்

எல்லைப் பக்கத்துக் குடும்பங்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். இன்றைய மாவட்டப் பெயரைப் போட்டால் ஒன்றும் வராது.

1911 ஏப்ரலுக்கு முன் சித்தூரே வட ஆர்க்காடு மாவட்டத்துக்குள் இருந்தது. அதன்பின் சித்தூர் தனி மாவட்டம், வட ஆர்க்காட்டுக்கு வேலூர் தலைநகர். திருத்தணியும் பள்ளிப்பட்டும் 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டம். ஆகவே திருத்தணிக்காரர் 1943இல் சேர்ந்திருந்தால் தாளில் ‘சித்தூர் மாவட்டம்’ என்றுதான் இருக்கும், திருவள்ளூர் என்று இருக்காது. குடியாத்தம், ஆம்பூர், வாலாஜா, அரக்கோணம், ஆரணி, திருவண்ணாமலை எல்லாம் வட ஆர்க்காடு. மாகாணம் எல்லோருக்கும் மெட்ராஸ். இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருப்பதி என்ற மாவட்டப் பெயர்களை அடியோடு மறந்துவிடுங்கள்.

பெயரின் எழுத்துக்கூட்டு

எழுதிச் சேர்த்த குமாஸ்தா தமிழராகவோ தெலுங்கராகவோ இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. காதில் விழுந்தபடி எழுதினார். முனுசாமிக்கு மட்டும் குறைந்தது ஐந்து எழுத்துக்கூட்டு பாருங்கள்: ‘மு’வுக்கு யு அல்லது இரட்டை ஓ, ‘னு’வுக்கு யு அல்லது ஐ, ‘சாமி’க்கு எஸ்.ஏ.எம்.ஒய்., எஸ்.டபிள்யூ.ஏ.எம்.ஐ., எஸ்.ஏ.டபிள்யூ.எம்.ஒய். எல்லைக்கு அந்தப் பக்கம் சேர்ந்திருந்தால் அதே ஆள் தெலுங்கு வாடையில் முனஸ்வாமி ஆகியிருப்பார். பெரிய விருது பெற்றவருக்கும் இதே கதி. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே, மற்றவர்களைக் காக்கக் கண்ணிவெடியின் மேல் தன் உடலைப் போட்டு இறந்த மதராஸ் சாப்பர் சுபேதார் சுப்பிரமணியன் ஜார்ஜ் கிராஸ் பெற்றவர். அவர் பெயரும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி எழுதப்படுவதில்லை.

தகப்பன் பெயர் முதல் எழுத்தாக இருக்காது, ‘இன்னாரின் மகன்’ என்று தனியே இருக்கும். மதம் மாறியிருந்தால் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஊர்ப் பெயர் ஒன்று. ஆதிதிராவிடக் குடும்பங்களிலும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இரண்டையும் கட்டாயம் தேடுங்கள். சாப்பர்களிலும் பயனீர்களிலும் அவர்கள் பெருந்தொகை. ‘போர்க்குலம்’ என்ற கொள்கையைப் பிடித்துக்கொண்டு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதராஸ்காரர்களைக் காலாட்படையிலிருந்து மெல்ல மெல்ல ஒதுக்கினார்கள். எஞ்சியிருந்த பழைய கர்னாட்டிக் காலாட்படைகளும் 1920களில் கலைக்கப்பட்டன. மண்வெட்டியும் துப்பாக்கியும் சேர்ந்த சாப்பர், பயனீர் வேலையில்தான் அவர்களுக்குத் தொடர்ந்து இடம் இருந்தது. இரண்டாம் போர் வந்து ஆள் பற்றாமல் போனதும் மெட்ராஸ் ரெஜிமெண்டை மறுபடி எழுப்பினார்கள்.

இறந்தவரா, திரும்பி வந்தவரா?

இதற்கு விடை தெரியாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். இணையத்தில் எல்லோரும் முதலில் போவது காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் தளத்துக்கு. அங்கே இருப்பது மாண்டவர்கள் மட்டும். அதிலும் இரண்டு காலக்கெடு: 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. 1952இல் ஊரில் காலமான தாத்தா அங்கே இருக்கவே மாட்டார். இல்லை என்று மனம் உடைந்து தேடலை விட்டவர்கள் ஏராளம்.

மாண்டவர் என்றால் இப்படித் தேடுங்கள். பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். எந்தப் படை என்பதில் ‘இந்தியன்’, எந்தப் போர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘கூடுதல் தகவல்’ கட்டத்தில் வட ஆர்க்காடு அல்லது சித்தூர் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள், பிறகு தாலுகா, பிறகு ஊர். இரண்டாம் போர்ப் பதிவுகளில் ‘இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர்’ என்று இருப்பதால் இந்த வழி நன்றாகப் பலிக்கும். முதல் போர்ப் பதிவுகளில் ஊர் அரிது, அங்கே எண்ணும் படைப்பிரிவும்தான் துணை. பதிவு கிடைத்ததும் கீழே இணைத்திருக்கும் பழைய படிவத்தின் படத்தைத் திறந்து தட்டச்சுப் பெயரோடு ஒப்பிடுங்கள். பெயர்த்தெழுதும்போது விழுந்த பிழைகள் அங்கே தெரியும்.

கல்லறைதான் வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். இந்து வீரர்களில் பெரும்பாலோர் எரிக்கப்பட்டார்கள், அதனால் தனிக் கல் இருக்காது, நினைவகச் சுவரில் பெயர் இருக்கும். பர்மாவில் மறைந்தவருக்கு யாங்கோன் அருகே தவுக்கியானில் உள்ள ரங்கூன் நினைவகத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 27,000 பெயர்கள், நம் ஆட்களும் ஆப்பிரிக்கர்களும் ஒரே தூண்வரிசையில். மலேயா, சிங்கப்பூர் என்றால் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவகம். பஸ்ரா நினைவகத்தில் கவனம் தேவை: பிரிட்டிஷ்காரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் சுவரில் பெயர் செதுக்கினார்கள், இந்தியச் சிப்பாய்களைத் தலைக்கணக்காக மட்டும் குறித்தார்கள். சுவரின் படத்தில் தாத்தா பெயரைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் ஆணையத்தின் பதிவேட்டைத் தேடுங்கள். சென்னை நந்தம்பாக்கம் போர்க்கல்லறையில் 850க்கும் மேற்பட்ட இரண்டாம் போர்க் கல்லறைகளும், பின்புறம் முதல் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களும் உண்டு.

ஆப்பிரிக்கர்களுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. நைரோபியில் முதல் போருக்காக மூன்று வெண்கல உருவங்களை நிறுத்தினார்கள், அதில் ஒருவர் சுமையாள். பெயர் ஒன்றுகூடக் கிடையாது. சுமையாள் படையின் ஆங்கிலப் பெயரான ‘கேரியர் கோர்’ மக்கள் வாயில் திரிந்து, நைரோபியில் கரியாகோர், தாருஸ்ஸலாமில் கரியாக்கூ என்று ஊர்ப்பகுதிப் பெயர்களாக மட்டும் நிற்கிறது. 2021 ஏப்ரலில் போர்க்கல்லறை ஆணையமே ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டு மன்னிப்பு கேட்டது. முதல் போரில் இறந்த குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றது. அவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும். இந்தியர்களையும் சேர்த்து இன்னும் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும் சொன்னது. ஆகவே உங்கள் ஆள் பட்டியலில் இல்லை என்பதற்காக அவர் போகவில்லை என்று ஆகாது.

திரும்பி வந்தவருக்கு: ரெக்கார்டு ஆபீஸ்

லண்டன் ஆவணக் காப்பகத்துக்குக் காசு கட்டும் முன் யோசியுங்கள். இந்தியப் படை தனிப் படை, சிப்பாய்களின் தாள்கள் இங்கேதான் தங்கின. கரீபியன் தீவுகளிலிருந்து 1915இல் சேர்ந்த பிரிட்டிஷ் வெஸ்ட் இண்டீஸ் ரெஜிமெண்ட் வீரர்களுக்கு லண்டன் கியூவில் உள்ள அந்தக் காப்பகத்தில் மெடல் அட்டைகள் இருப்பதைப் பார்த்து நமக்கும் இருக்கும் என்று நினைக்கிறார்கள். நம் சிப்பாய்க்கு அது முதல் இடம் அல்ல. படைப்பிரிவின் போர் நாட்குறிப்பு வேண்டுமானால் மட்டும் கியூ உதவும்: முதல் போருக்கு டபிள்யூ.ஓ. (போர் அலுவலகக் கோப்பு வரிசை) 95, பர்மாவுக்கு டபிள்யூ.ஓ. 172, இத்தாலிக்கு டபிள்யூ.ஓ. 170. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்திலும் தேடலாம். கலைக்கப்பட்ட பழைய பட்டாளங்களுக்கு அங்கே பார்ப்பது நல்லது.

எந்த ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதுவது என்பது படைப்பிரிவைப் பொறுத்தது. சாப்பர் என்றால் பெங்களூரு மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் ரெக்கார்ட்ஸ். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். பயனீர், வண்டி ஓட்டிய ஆர்மி சர்வீஸ் கோர் இரண்டும் பெங்களூரு. மருத்துவப் படை லக்னோ. ஆர்டினன்ஸ் (தளவாடப் படை), இ.எம்.இ. (இயந்திரப் பழுது பார்க்கும் படை) செகந்திராபாத். எண்ணுக்கு முன்னால் எம்.டி.என். என்று இருந்தால் அவர் மோட்டார் வண்டிப் பிரிவு, ஆர்மி சர்வீஸ் கோருக்கு எழுதுங்கள்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: எண் (சந்தேக இலக்கத்துக்கு இரண்டு வாசிப்பும்), பதவி, பெயரின் எல்லா எழுத்துக்கூட்டுகளும், தகப்பன் பெயர், அன்றைய ஊர், தாலுகா, மாவட்டம், சேர்ந்த ஆண்டு, வெளிவந்த ஆண்டு, மனைவி பெயர். மெடல் விளிம்புப் படம், வாரிசு சான்றிதழ் நகல், உங்கள் அடையாள அட்டை நகல் இணையுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டருடன் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

“சர்வீஸ் ரெக்கார்டு கொடுங்கள்” என்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் “அழிக்கப்பட்டது” என்று ஒரு வரி வரும். அது உண்மையாகவே இருக்கும். 1946-47இல் போர் முடிந்து அனுப்பப்பட்டவர்களுக்குப் பென்ஷனுக்கு வேண்டிய 15 ஆண்டு இல்லை. பென்ஷன் இல்லாதவரின் ‘ஷீட் ரோல்’ (தனிநபர் பணிப் பதிவு) கெடு முடிந்ததும் அழிக்கப்படும். ஆனால் ‘லாங் ரோல்’ என்ற பதிவேட்டை நிரந்தரமாக வைத்திருப்பார்கள். எண், பெயர், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, காரணம் எல்லாம் அதில் ஒரே வரியில் இருக்கும். “லாங் ரோல் பதிவின் நகல் வேண்டும்” என்று அந்தச் சொல்லையே போட்டுக் கேளுங்கள். வேலூர், சித்தூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களிலும் பழைய விண்ணப்பக் கோப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள், விதவை உதவிக்குப் பாட்டி எப்போதோ கொடுத்த மனுவில் எண் இருந்தாலும் இருக்கும்.

லாங் ரோலில் ‘இறந்தார்’ என்று இருந்து, தேதி மேலே சொன்ன கெடுவுக்குள் வந்து, ஆணையத்தின் பட்டியலில் பெயர் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். பட்டாளத்தில் இருந்ததற்கு ஒரு சான்று, இறந்த தேதிக்கு ஒரு சான்று, இரண்டும் வேண்டும். படையிலிருந்து வெளியேறிய பிறகு ஊரில் இறந்திருந்தால், போர்க்காலப் பணியில் வந்த காயமோ நோயோதான் காரணம் என்பதற்கும் தாள் வேண்டும். வாய்மொழியை ஏற்க மாட்டார்கள். கூடவே இன்னொரு வேலை செய்யுங்கள். அதே பதிவேட்டுப் பக்கத்தில், அதே ஊர்ப் பெயரோடு பிஸ்தி (தண்ணீர் சுமப்பவர்), சமையல்காரர், துப்புரவாளர் என்று வேறு யாராவது தென்பட்டால் அவர்கள் எண்ணையும் குறித்துக்கொண்டு அந்தத் தெருவில் போய் விசாரியுங்கள். அந்த வீட்டுத் தகரப் பெட்டியில் வெண்கல மெடல் ஒன்று கிடக்கலாம்.